நெஞ்சுக்குள்ள எறும்பு

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நான் பாளையங்கோட்டைக்காரி. இங்கிலாந்தில், பர்மிங்காமில் மனநல வார்டில் நர்ஸ். சிகிச்சையில் எந்த இனத்தார் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரு கையேடு தயாரிக்கிறோம். தமிழர் பகுதி என் பொறுப்பு. கோயில், மந்திரிப்பு பற்றியெல்லாம் எழுதலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் வந்த அன்று சங்கரன்கோவிலில் இருந்தேன். கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால், மனசு சரியில்லாதவர்களை உட்கார வைக்கும் சக்கரக் குழியில் ஒரு பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடம் முன்னால் என் பெரியம்மையை அங்கேதான் உட்கார வைத்தோம்.

பெரியம்மைக்குத் தூக்கம் போய்விட்டது, சோறு இறங்கவில்லை. "நெஞ்சுக்குள்ள எறும்பு ஊருதுடே" என்பாள். பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்குப் போனோம், உவரி அந்தோனியார் கோயிலுக்கும் போனோம். இந்த விஷயத்தில் எங்கள் பக்கம் யாரும் மதம் பார்ப்பதில்லை. கடைசியாக ஒரு டாக்டரிடம் போனோம். "மன அழுத்தம் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றாள். சீட்டு எழுதிவிட்டார். எறும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டாள். காரணத்தைப் பல வருடம் கழித்துத்தான் சொன்னாள்: பைத்தியம் என்று சீட்டில் எழுதியிருந்தால் மகளுக்கு மாப்பிள்ளை அமையாதே என்ற பயம்.

ஒரே கேள்வியில் வெளியே வந்திருக்கும் பயம் அது. ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் 1978-லேயே அந்தக் கேள்விகளை எழுதி வைத்துவிட்டார். உங்கள் கஷ்டத்துக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இதில் எதற்கு ரொம்பப் பயப்படுகிறீர்கள்? கேட்க ஐந்து நிமிடம் ஆகுமா?

அதை விட்டுவிட்டு 'தமிழர் பகுதி' எழுதுகிறாயாக்கும்! கங்கைகொண்டான் அகதி முகாமில் இருக்கும் ஈழத்து அம்மாவும், பாபநாசம் மலையின் காணிப் பழங்குடிக்காரரும், என் பெரியம்மையும் ஒரே பத்தியில் அடங்குவார்களா? நீ இருக்கும் நாட்டில் கறுப்பினத்தவரைக் கட்டாயமாக வார்டில் அடைப்பது வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகம். அவர்கள் வார்டுக் கதவைப் பார்த்துப் பயப்படுவதற்கு உன் கையேட்டில் எந்தப் பண்பாட்டுக் காரணம் எழுதுவாய்?

கோயிலைப் பற்றி எழுது, ஆனால் முழுசாக எழுது. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2002-ல் வந்தது. சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மருந்தில்லை, தனிச் சடங்கும் இல்லை. படுக்க இடமும் அன்றாடச் சின்ன வேலைகளும்தான். அதற்கு முந்தின வருடம்தான் ஏர்வாடி தர்கா பக்கத்து மனநலக் காப்பகத்தில், சங்கிலியில் கட்டிப்போட்ட நிலையில் 28 பேர் தீயில் செத்தார்கள். அதையும் சேர்த்து எழுது.

மற்றபடி கையேட்டில் உனக்கான பக்கத்தில் அந்தக் கேள்விகளை மட்டும் அச்சடித்து, கீழே நிறைய இடம் விடு. நோயாளி சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது. எறும்பு என்றால் எறும்பு என்றே எழுது.

பெரியம்மை மகளுக்குக் கல்யாணமாகிப் பேத்தியும் பிறந்தாள். பேத்தியைத் தூக்கி வைத்திருக்கும்போதுகூட பெரியம்மையின் ஒரு கை நெஞ்சைத் தடவிக்கொண்டேதான் இருக்கும்.