சூப்பர்நோவாவுக்கு முன்: ராட்சத மிருக ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

2027 மார்ச் 26 அன்று 'காட்ஜில்லா எக்ஸ் காங்: சூப்பர்நோவா' வருகிறது என்று தேதி குறித்தாயிற்று. அதற்கு முன்பே, 2026 நவம்பர் 3 அன்று, ஜப்பானில் 'காட்ஜில்லா மைனஸ் ஜீரோ'. ஒன்றுக்கு இரண்டாக வருவதால் கேள்விகளும் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். முந்தைய படங்களின் முடிவுகளைத் தயங்காமல் பேசியிருக்கிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

தலைப்பே 'சூப்பர்நோவா'. அப்படியானால் வில்லன் ஸ்பேஸ்காட்ஜில்லாதானே? இதில் என்ன சந்தேகம்?

சந்தேகம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊகம் வெறும் ஆசை இல்லை, அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 1994இல் வந்த ஜப்பானியப் படத்தில் ஸ்பேஸ்காட்ஜில்லாவின் பிறப்புக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். காட்ஜில்லாவின் செல்கள் விண்வெளிக்குப் போகின்றன, கருந்துளைக்குள் விழுகின்றன, படிக வடிவ உயிர்களோடு கலக்கின்றன, நட்சத்திரங்கள் வெடித்த ஆற்றலைக் குடித்து வளர்கின்றன. நட்சத்திர வெடிப்பு என்றால் சூப்பர்நோவாதான். தலைப்பு வைத்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

அப்புறம், மான்ஸ்டர்வெர்ஸ் (காட்ஜில்லாவும் காங்கும் வரும் ஹாலிவுட் படவரிசை, சூப்பர்நோவாவும் இதில்தான்) கதைக்குள் விண்வெளி ஏற்கெனவே வந்துவிட்டது. 2019 படத்தில் வந்த மூன்று தலை மிருகம் கிடோரா இந்தப் பூமியின் உயிரே இல்லை, வெளியிலிருந்து வந்தவன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த படங்களில் கதை பூமிக்கு அடியில் இருக்கும் ஹாலோ எர்த் பக்கம் போய்விட்டது. கீழே தோண்டியது போதும், மேலே பார்ப்போம் என்று அவர்கள் நினைத்தால் அது நியாயமான அடுத்த அடிதான்.

சரி, சந்தேகம் எங்கே? இந்த வரிசையின் 5 படங்களில் முக்கிய வில்லன்களை எண்ணிப் பாருங்கள். 2014இல் மூட்டோ, 2017இல் ஸ்கல்கிராலர், 2019இல் கிடோரா, 2021இல் மெக்காகாட்ஜில்லா, 2024இல் ஸ்கார் கிங். ஐந்தில் மூன்று புதிதாக உருவாக்கியவை. காட்ஜில்லாவை உருவாக்கிய ஜப்பானிய நிறுவனமான டோஹோவின் பழைய மிருகத்தை எடுத்தால் அதற்கு உரிமம் வாங்க வேண்டும், தோற்றத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். சொந்தமாக ஒன்றை உருவாக்கினால் அந்தத் தலைவலி இல்லை, பொம்மை விற்பனையும் முழுக்கக் கைக்குள். ஸ்பேஸ்காட்ஜில்லாவின் சாயலில், வேறு பெயரில் ஒரு புது மிருகம் வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். என் சொந்த ஆசையைக் கேட்டால், தோளில் படிகக் கோபுரம் முளைத்த அந்தப் பழைய வடிவத்தைப் பெரிய திரையில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

மைனஸ் ஜீரோவைப் பார்த்தால்தான் சூப்பர்நோவா புரியுமா?

இரண்டும் வெவ்வேறு உலகம். மைனஸ் ஜீரோவை டோஹோ நிறுவனமே எடுக்கிறது. சூப்பர்நோவாவை அவர்களிடம் உரிமம் வாங்கி லெஜண்டரி என்ற ஹாலிவுட் நிறுவனம் எடுக்கிறது. காட்ஜில்லா என்ற பெயரைத் தவிர இரண்டுக்கும் நடுவில் கதைத் தொடர்பு கிடையாது.

மைனஸ் ஜீரோவுக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது 2023இல் வந்த 'மைனஸ் ஒன்'. தகாஷி யமசாகி அதை எழுதி இயக்கியதோடு, கிராபிக்ஸ் மேற்பார்வையையும் தானே செய்தார். 35 பேர் கொண்ட குழு, 610 காட்சித் துணுக்குகள். செலவு ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவு என்று அவரே சொன்னார். 2024இல் சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. அந்த விருதை வாங்கிய இயக்குநர்களில் அவருக்கு முன்னால் இருப்பவர் ஸ்டான்லி குப்ரிக் மட்டும்தான்.

அந்தப் படம் இரண்டு முடிச்சுகளை அவிழ்க்காமல் விட்டது. உயிர் பிழைத்த நாயகி நோரிகோவின் கழுத்தில் ஊர்ந்து ஏறும் கறுப்புத் தடம் ஒன்று. கடலடியில் மறுபடி வளரத் தொடங்கும் சதைத் துண்டு இன்னொன்று. இரண்டாவதற்கு விடை தெரிந்த கதை, காட்ஜில்லா திரும்பி வருவான். முதலாவதுதான் எனக்கு முக்கியம். அந்தத் தடம் நோயா, தொற்றா, அவனோடு ஏதோ பிணைப்பா? யமசாகி அதைத் தொடாமல் தாண்டிப் போனால் கோபம் வரும்.

சூப்பர்நோவாவின் கதை முழுக்கக் கசிந்துவிட்டது என்று ஒரு நண்பன் பத்தி பத்தியாக அனுப்பியிருக்கிறான். நம்பலாமா?

பத்தி பத்தியாக வருவதை நம்பாதீர்கள். இந்த வகைப் படங்களில் உண்மையான கசிவு பெரும்பாலும் பொம்மைக் கடை வழியாகத்தான் வரும். 2021 படத்தில் மெக்காகாட்ஜில்லா இருக்கிறது என்பது படம் வருவதற்கு வெகு முன்பே பொம்மைப் படங்கள் மூலம் வெளியே வந்துவிட்டது. பொம்மை அச்சு மாதக்கணக்கில் முன்கூட்டியே தயாராக வேண்டும், அதை மறைப்பது கஷ்டம். படத்தின் இரண்டாம் பாதியில் யார் சாகிறார்கள் என்பதைப் பொம்மைப் பெட்டி சொல்லாது.

ட்ரெய்லர் என்ற பெயரில் சுற்றுபவற்றிலும் கவனம் தேவை. பழைய படங்களின் துண்டுகளையும் ஏஐ மூலம் செய்த படங்களையும் ஒட்டி, பின்னணியில் ஓர் உறுமலைச் சேர்த்தால் முடிந்தது. காட்ஜில்லாவின் முதுகுத் தகடுகளைப் பாருங்கள். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு வடிவமும் எண்ணிக்கையும் மாறினால் அது போலி.

உறுதியானது இவ்வளவுதான்: இயக்கம் கிராண்ட் ஸ்புடோர். எழுத்து டேவ் கலஹாம், 2014 காட்ஜில்லாவின் கதையிலும் அவர் பெயர் உண்டு. கெய்ட்லின் டெவர், ஜாக் ஓ'கானல், டெல்ராய் லிண்டோ, சாம் நீல் ஆகியோர் புதுவரவு. டான் ஸ்டீவன்ஸ், 2024 படத்தில் நடித்த அதே டிராப்பர் பாத்திரமாகத் திரும்புகிறார். படப்பிடிப்பு ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில்.

காட்ஜில்லாவின் உயரம் ஏன் படத்துக்குப் படம் மாறுகிறது? சரியான உயரம் எது?

சரியான உயரம் என்று ஒன்று கிடையாது. சுற்றியிருக்கும் கட்டடங்கள்தான் அதை முடிவு செய்கின்றன. 1954இல் வந்த முதல் படத்தில் அவன் 50 மீட்டர். அப்போது ஜப்பானில் கட்டட உயரத்துக்கு 31 மீட்டர் என்று வரம்பு இருந்தது. கூரைக்கு மேல் தலை தெரிய 50 தாராளம். பிறகு டோக்கியோ மேலே மேலே வளர, 1984இல் 80 மீட்டர், 1991இல் 100 மீட்டர் என்று இவனும் வளர்ந்தான். 2014இல் 108, 2016இன் 'ஷின் காட்ஜில்லா'வில் 118.5. மைனஸ் ஒன் போர் முடிந்த காலத்தில் நடப்பதால் மறுபடி 50.1க்கு இறங்கிவிட்டான். அதனால் பயம் குறைந்ததா? டோக்கியோவின் கின்சா பகுதியை அவன் நொறுக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். காங்கின் கதை வேறு. 2017இல் சுமார் 32 மீட்டர் இருந்தவனை 2021இல் 102 மீட்டருக்கு வளர்த்தார்கள், இல்லாவிட்டால் சண்டை ஒரே மிதியில் முடிந்திருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் எடை. உயரம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், ஆனால் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் கூடும். 1638இலேயே கலிலியோ இதை எழுதிவிட்டார். 1954 காட்ஜில்லாவுக்கு டோஹோ சொன்ன எடை 20,000 டன். அதே உடல்வாகோடு 108 மீட்டருக்கு வளர்த்தால் எடை கிட்டத்தட்ட பத்து மடங்கு, அதாவது 2 லட்சம் டன் வர வேண்டும். 2014 படத்துக்காகக் கொடுத்த எண் 90,000 டன். பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் கணக்குப்படி அவன் பாதிக்கு மேல் இளைத்திருக்கிறான்! உண்மையில் இந்த அளவுள்ள எந்த உயிரும் தரையில் நிற்கவே முடியாது என்பது வேறு விஷயம், அதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

பழைய படங்களில் மெதுவாக நடப்பான், இப்போது குதித்து ஓடுகிறான். எது சரி?

நான் மெதுவின் கட்சி. காரணம் இருக்கிறது. 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட சுமார் நாலரை விநாடி ஆகும். பெரிய பொருள் விழுவது நம் கண்ணுக்கு மெதுவாகத்தான் தெரியும். அந்த மெதுவை வைத்துத்தான் மூளை அளவை ஊகிக்கிறது.

முதல் படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸைக் கவனித்த எய்ஜி சுபுராயா 1954இலேயே இதைப் பிடித்துவிட்டார். 2 மீட்டர் உடைக்குள் இருக்கும் மனிதனை 50 மீட்டர் மிருகமாகக் காட்ட வேண்டும், அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. 25இன் வர்க்கமூலம் 5. அப்படியானால் ஐந்து மடங்கு வேகத்தில் படம் பிடித்து, சாதாரண வேகத்தில் ஓட்டினால் சிறு பொம்மைக் கட்டடம்கூட நிஜமான கனத்தோடு சரியும். அவர்கள் ஒவ்வொரு ஷாட்டிலும் இந்தக் கணக்கைத் துல்லியமாகப் பின்பற்றவில்லை, ஆனாலும் வேகமாகப் படம் பிடிப்பதுதான் அடிப்படைத் தந்திரம். உடைக்குள் இருந்த ஹாருவோ நகஜிமா விலங்குகாட்சிச் சாலைக்குப் போய் யானையும் கரடியும் நடப்பதைப் பார்த்துப் பழகினார். அந்த முதல் உடையின் எடை சுமார் 100 கிலோ. மெதுவாக நடக்காமல் வேறு எப்படி நடப்பார்?

2024 படத்தில் காட்ஜில்லா ஓடிப் பாய்வதைப் பார்த்துத் திரையரங்கம் கைதட்டியது. ஜாலிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விநாடியில் அவன் நூற்றுச் சொச்சம் மீட்டர் உயிராகத் தெரிவதில்லை, மனித அளவு மல்யுத்த வீரனாகத் தெரிகிறான். ஸ்புடோர் இதில் எந்தப் பக்கம் போவார் என்பதுதான் வில்லன் யார் என்பதைவிட எனக்குப் பெரிய கேள்வி.

அந்த உறுமலை எப்படி உருவாக்கினார்கள்?

இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனை. கான்ட்ராபாஸ் என்ற பெரிய நரம்புக் கருவியின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்தார்கள். பதிவான ஒலியை வேகம் குறைத்து ஓட்டினார்கள். மைனஸ் ஒன்னுக்காக உறுமலை ஒரு பேஸ்பால் மைதானத்தின் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கவிட்டு, எதிரொலியோடு சேர்த்துப் பதிவு செய்தார்கள். நல்ல ஒலியமைப்புள்ள அரங்கில் பாருங்கள், போனில் இது கொசுக்கடி மாதிரிதான் கேட்கும்.

மிருகம் பார்க்க வந்தால் மனிதர்களின் குடும்பப் பிரச்சினையைக் காட்டுகிறார்கள். இந்தப் படத்திலாவது குறைப்பார்களா?

2014 படத்தைப் பற்றி இந்தப் புகார் இன்னும் ஓயவில்லை. இரண்டு மணி நேரப் படத்தில் காட்ஜில்லா வருவது சுமார் 8 நிமிடம். ஆனால் மைனஸ் ஒன்னிலும் பெரும்பகுதி மனிதர்கள்தானே? யாரும் குறை சொல்லவில்லை. சாகப் பயந்து திரும்பிவந்த விமானிக்கு காட்ஜில்லாவோடு தீர்க்க ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. 2014 நாயகன் பெரும்பாலும் மிருகம் போகும் வழியில் மாட்டிக்கொள்கிறான். நிமிடத்தைக் கூட்டிக் குறைப்பதில் இந்த வித்தியாசம் சரியாகாது.

2024 படம் வேறு வழி பிடித்தது. காங்கும் சூகோ என்ற அந்தக் குட்டிக் குரங்கும் வரும் நீண்ட பகுதிகளில் ஒரு வசனம்கூடக் கிடையாது, கண்ணும் கையும் மட்டுமே பேசும். அந்தப் படத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்பேன். வசூலும் சுமார் 57 கோடி டாலர், இந்த வரிசையிலேயே அதிகம். ஆகவே அந்த வழியை அவர்கள் சுலபத்தில் கைவிட மாட்டார்கள்.

எல்லாப் படத்தையும் மறுபடி பார்க்க நேரமில்லை. எவை போதும்?

2019, 2024. முதலாவதில் விண்வெளி விவகாரம், இரண்டாவதில் டிராப்பர். மூன்றாவதாக ஒன்றுக்கு நேரம் இருந்தால் 2014, வெறும் அழகுக்காக.

கடைசிப் பெயர்ப் பட்டியல் முடியும்வரை உட்கார வேண்டுமா?

2017லும் 2019லும் உட்கார்ந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. முதலாவதில் கிடோரா உள்ளிட்ட மிருகங்களின் குகை ஓவியங்கள், இரண்டாவதில் கிடோராவின் வெட்டுண்ட தலை. அந்தத் தலைதான் 2021இல் மெக்காகாட்ஜில்லாவின் மூளையானது. 2021, 2024 படங்களில் ஒன்றுமில்லை. எப்படியும் உட்காருங்கள், கிராபிக்ஸ் செய்தவர்களின் பெயர்கள் அங்கேதான் வருகின்றன.

1962 படத்தில் ஜப்பானியப் பிரதியில் காட்ஜில்லாவும் அமெரிக்கப் பிரதியில் காங்கும் ஜெயித்ததாகச் சொல்கிறார்களே?

கட்டுக்கதை. இரண்டிலும் இருவரும் சேர்ந்து கடலில் விழுகிறார்கள், காங் மட்டும் வெளியே வந்து தன் தீவை நோக்கி நீந்திப் போகிறான். ஜப்பானியப் பிரதியில் கடைசியில் காட்ஜில்லாவின் உறுமலும் கேட்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.