சுட்ட கோழி வியாபாரம்: வண்டி கடைசியில், நெருப்பு முதலில்

தங்கச்சி, கல்யாணமாகி மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார், சாயங்காலத்தில் வண்டி போட்டுச் சுட்ட கோழி விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பட்டுக்கோட்டையிலிருந்து இதே மாதிரி வந்தவள்தான். 16 வருடமாக இந்த ஊரில் கோழி சுட்டு விற்கிறேன். தாராளமாகச் செய்யலாம். ஆனால் வண்டியை மட்டும் இப்போதே வாங்கிவிடாதீர்கள்.

முதலில் காகித வேலை. உங்களிடம் இருப்பது மனைவிக்குக் கொடுக்கும் நீண்டகால பாஸ். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால்தான் எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் வியாபாரம் பதிய முடியும். அதனால் கணவர் பெயரில் பதியுங்கள், தொடங்கிய 30 நாளுக்குள். கோலகங்சார் நகராண்மைக் கழக லைசென்ஸும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். நீங்கள் அடுப்பில் நிற்க, பாஸில் வேலை அனுமதி வேண்டும். குடிநுழைவுத் துறையில் கேட்டு வாங்குங்கள். டைபாய்ட் ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் இருவருக்குமே கட்டாயம்.

சரி, இனி நெருப்பு. தைப்பிங்கைத் தாண்டி கோலா செபெத்தாங்கில் சூளை போட்டுச் சுடும் பக்காவ் (அலையாத்தி) மரக்கரி நமக்குப் பக்கத்திலேயே கிடைப்பது பெரிய கொடுப்பினை. புகை குறைவு, நின்று எரியும். மண்ணெண்ணெய் ஊற்றி அவசரப்படுத்தாதீர்கள், வாடை கறியில் ஏறிவிடும். கரி முழுக்க நீறு பூக்கும்வரை பொறுத்திருங்கள். கரியை ஒரு பக்கம் குவித்து, மறுபக்கம் லேசாகப் பரப்புங்கள். கோழி வேகவேண்டியது லேசான பக்கத்தில். குவியலுக்கு மேல் கடைசியில் காட்டினால் போதும், தோல் சிவந்துவிடும்.

இது எனக்குத் தெரியாத காலத்தில், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர் வாங்கிப்போன தொடையைத் திருப்பிக் கொண்டுவந்து பிய்த்துக் காட்டினார். வெளியே கருகியிருந்தது, எலும்பு ஓரம் பச்சை. அவர் சத்தம்கூடப் போடவில்லை. பிள்ளைக்கு வாங்கினேன் என்றார். இன்றைக்கும் அந்த முகம் மறக்கவில்லை. மறுநாளே வெப்பமானி வாங்கினேன். தடித்த இடத்தில் குத்தி 74 டிகிரி காட்டினால்தான் தட்டுக்குப் போகும். நீங்கள் இறக்கையில் தொடங்குங்கள், அது சீக்கிரம் வேகும். பச்சைக் கறி ஊறிய மசாலாவை வெந்த கோழியில் தடவாதீர்கள். தடவுவதற்குத் தனியாக எண்ணெய் மசாலா வைத்து, நுனி நசுக்கிய செரை (எலுமிச்சைப் புல்) தண்டால் பூசுங்கள். அந்த மணத்துக்கே ஆள் வரும்.

மலாய்க்காரர்களும் வாங்குவார்கள், அதனால் முஸ்லிம் கடையில் அறுத்த கோழியே வாங்குங்கள். ஆனால் சான்றிதழ் இல்லாமல் பலகையில் ஹலால் என்று எழுதுவது குற்றம். மாட்டிறைச்சி வேண்டாம், நம் ஆட்கள் பலர் அந்த அடுப்பிலேயே வாங்கமாட்டார்கள்.

தோட்டத்தில் சம்பளம் பெரும்பாலும் 7ஆம் தேதிக்குள் வந்துவிடும். அந்த வாரம் நிறையப் போடுங்கள், மாதக் கடைசியில் பாதியாக்குங்கள். வெள்ளிக்கிழமை, புரட்டாசி, தைப்பூச விரத நாட்களில் கோழி போகாது. அப்போது வேறு கம்பிவலையில் சோளம் சுடுங்கள். அதே வலையில் சுட்டால் விரதக்காரர்கள் தொடமாட்டார்கள்.

முதல் நாளுக்கு 3 கிலோ இறக்கையும் ஒரு மடக்கு மேசையும் போதும். மூன்று சம்பள வாரம் பார்த்த பிறகு வண்டியைப் பற்றிப் பேசலாம். அதற்குள் ஒரு சாயங்காலம் என் கடைக்கு வாருங்கள், கரி மூட்டுவதைப் பக்கத்தில் நின்றே பாருங்கள்.