ரிகர் கார்ட் இல்லாத பழைய கூயி துவக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: கனடாவில் துவக்கு லைசென்ஸ் கிடைத்த கையோடு, இங்கேயே செய்த பழைய கூயி .22 துவக்கு ஒன்றை இன்னொருவரிடம் மலிவில் வாங்கிவிட்டீர்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் ரிகரைச் சுற்றிக் காக்கும் வளையமான ரிகர் கார்ட் இல்லை, சுடுவதற்கு இழுக்கும் ரிகர் மட்டும் கீழே தனியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படியே சுடலாமா, கார்டை எங்கே வாங்குவது, நீங்களே பூட்டலாமா?

சுட வேண்டாம். குளிருக்குப் போடும் கையுறையின் விளிம்பு, பற்றைக் குச்சி, பையின் சிப், எது பட்டாலும் அந்த ரிகர் இழுபடும். சூட்டுத் திடலில் பொறுப்பாக நிற்பவரும் அதைக் கண்டால் திருப்பி அனுப்பக்கூடும். பலர் யோசிக்காத இன்னொன்று: ரிகர் லொக் என்பது கார்ட் வளையத்துக்குள் இரண்டு பக்கமும் கவ்விப் பூட்டுவது. கார்ட் இல்லாவிட்டால் அது பூட்டியது போலத் தெரியும், ஆனால் வழுக்கிக் கழன்றுவிடும். ஆகவே திருத்தி முடியும்வரை ரவை இல்லாமல், போல்டை (ரவையை ஏற்றவும் வெளியே எடுக்கவும் முன்பின் இழுக்கும் உலோகத் தண்டு) கழற்றி எடுத்துவிட்டு, துவக்கைப் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். ரவையை வேறிடத்தில் பூட்டுங்கள். 2022 மே 18 முதல், சாதாரண வகைத் துவக்கை விற்பவரும் உங்கள் லைசென்ஸைச் சரிபார்த்துக் குறிப்பு எண் எடுக்க வேண்டும். அந்த எண் உங்களிடம் இல்லாவிட்டால் முதலில் விற்றவரிடம் அதைக் கேளுங்கள்.

கார்ட் தானாக விழுவதில்லை. முன்பு யாரோ கழற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எடுக்க வேண்டும். கைபிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் மரம் வெடித்திருக்கிறதா, ஸ்குரூத் தலைகள் சிதைந்திருக்கின்றனவா, போல்ட் இந்தத் துவக்குடையதுதானா என்று பாருங்கள். மரம் வெடித்திருந்தால் கார்டுக்குச் செலவழிக்க முன்னர் அதைத்தான் யோசிக்க வேண்டும்.

அளக்க முன்னர் ரவை இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். லைசென்ஸ் வகுப்பில் சொல்லித்தந்த ஆக்ட்ஸும் புரூவும் (துவக்கைப் பாதுகாப்பாகக் கையாண்டு ரவை இல்லை என்று உறுதிசெய்யும் படிமுறைகள்) பரீட்சைக்கு மட்டுமல்ல. கூயி மொடல் 60இல் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ரவை நிற்கும், போல்டைத் திறந்து பார்ப்பது மட்டும் போதாது. குழாயை இழுத்து, அதற்குள்ளும் பாருங்கள்.

இனித் துவக்கைக் கவிழ்த்து வைத்து அடிமரத்தைக் கவனியுங்கள். பழைய கார்ட் இருந்த இடம் வெளிறிய நிறமாகவோ ஆழம் குறைந்த பள்ளமாகவோ தெரியும். துளைகள் இரண்டும் மரத்துக்குள்ளேயே முடிந்தால், கார்டைப் பிடித்தவை சாதாரண மர ஸ்குரூக்கள். இது இலேசான வேலை. முன் துளை மரத்தை ஊடறுத்து மேலே உலோகம்வரை போனால், துவக்கின் உடலை மரத்தோடு பிடிக்கும் ஸ்குரூவே கார்டின் வழியாகப் போயிருக்கிறது. அப்போது கார்டின் தடிப்பும் கணக்கில் வரும். அது இல்லாமல் அந்த ஸ்குரூவை இறுக்கினால், ஒரு மில்லிமீற்றர் அளவு கூடுதலாக உள்ளே ஏறி போல்டின் அடியில் முட்டும், போல்ட் இறுகும். அந்தப் பழைய ஸ்குரூவின் புரிக்கு ஹார்ட்வேர் கடை ஸ்குரூவைத் திணிக்க வேண்டாம். கெட்டுப்போவது ஸ்குரூவல்ல, துவக்கின் உடல்.

இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு தூரம், பள்ளத்தின் அகலம், ஆழம் மூன்றையும் கலிப்பரால் எடுங்கள். அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு படமும் எடுங்கள். கூயி தொழிற்சாலை ரொறன்ரோவில் தொடங்கிப் பிறகு கோபர்க்குக்குப் போனது. 1961இல் வின்செஸ்டர் துவக்குகளைச் செய்த ஒலின் நிறுவனம் வாங்கியதால் பிந்தியவற்றில் வின்செஸ்டர் பெயரும் இருக்கும். ஈட்டன்ஸ் கடை இதே துவக்குகளை ஈட்டோனியா என்ற பெயரில் விற்றது. ஆகவே குழலில் என்ன பெயர் இருந்தாலும் அசல் கூயி மொடல் எண்ணைக் கண்டுபிடித்துத் தேடுங்கள். எட்மன்ரனில் உள்ள வெஸ்டேர்ண் கன் பார்ட்ஸ் போன்ற பழைய பாகக் கடைகளில் கேட்கலாம், கன் ஷோ மேசைகளில் கிடக்கும் உடைந்த துவக்குகளிலும் கிடைக்கும். 2023 டிசம்பர் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு குழல் வாங்குவதற்கும் லைசென்ஸ் வேண்டும், கார்டுக்கு வேண்டாம். அமெரிக்கக் கடைகள் பல ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் இங்கே அனுப்பமாட்டா. எல்லை தாண்டிப்போய் நீங்களே சட்டைப்பையில் கொண்டுவரும் யோசனையை விடுங்கள்.

கார்ட் கைக்கு வந்ததும் ஸ்குரூ போடாமல் இடத்தில் வைத்துப் பாருங்கள். ரிகர் நடுவில் நிற்க வேண்டும், அதன் பாதையில் எங்கும் கார்டையோ மரத்தையோ உரசக்கூடாது. பின்னால் முட்டினால் துவக்கு சுடாது. முன்னால் உரசினால் ரிகர் முழுமையாகத் திரும்பி வராது, அதுதான் ஆபத்து. உறை போட்ட விரலும் உள்ளே போய் வர இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், நவம்பரில் அது தேவைப்படும். பள்ளத்தில் இறங்காவிட்டால் சுத்தியலால் தட்டாதீர்கள். கார்டின் அடியில் லிப்ஸ்டிக் பூசி வைத்து எடுத்து, நிறம் ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் மெல்லச் சுரண்டுங்கள்.

துளை தேய்ந்திருந்தால் வன்மரக் குச்சியை மரப்பசையோடு அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டுங்கள். பல்லுக்குத்தியும் பசையும் தற்காலிகத்துக்குத்தான். 6ஆம் எண் மர ஸ்குரூவுக்கு வன்மரத்தில் 7/64 அங்குலத் துளை. ஸ்குரூவின் நீளத்தை மரத்தின் தடிப்போடு ஒப்பிட்டு, டிரில் அலகில் ஒட்டும் நாடா சுற்றி ஆழத்தைக் குறியுங்கள், இல்லாவிட்டால் நுனி மேலே ரிகர் பொறிக்குள் எட்டிப் பார்க்கும். புரியில் மெழுகு தடவி, தலைப்பிளவில் முழுதாக உட்காரும் ஸ்குரூ டிரைவரால் கையால் இறுக்குங்கள். உடலைப் பிடிக்கும் ஸ்குரூ முதலில், மர ஸ்குரூக்கள் பிறகு.

இந்தப் பதில் கூயிக்குத்தான். உங்கள் கூட்டாளி ஒருவரிடம் லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்த லீ என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1 என்ற பழைய இராணுவத் துவக்கு இதே நிலையில் இருந்தால், இதைக் காட்டாதீர்கள். அதில் ரிகரே கார்டில்தான் கோக்கப்பட்டிருக்கிறது. மரம் ஈரத்தில் ஊதினாலே ரிகரின் இழுவை மாறும், அதனால்தான் மார்க் 2இல் ரிகரை உடலுக்கு மாற்றினார்கள். இரண்டின் கார்டுகளையும் மாற்றிப் போடமுடியாது. அது துவக்குத் திருத்தும் கன்ஸ்மித்தின் வேலை.

பூட்டி முடிந்ததும் சோதனை. .22 துவக்கைச் சும்மா அடித்துப் பார்க்கக்கூடாது, ரவையை அடிக்கும் ஊசி, ரவை உட்காரும் சேம்பரின் விளிம்பில் அடித்துப் பள்ளமாக்கும். பயிற்சிக்கென்று விற்கும், மருந்தே இல்லாத .22 போலி ரவையை வைத்துக்கொள்ளுங்கள். கொக் செய்து (ஊசியைச் சுடத் தயாரான நிலைக்கு இழுத்து), சேஃப்டி எடுத்த நிலையில், பின்கட்டையை ரப்பர் விரிப்பில் சில தடவை தட்டுங்கள். போல்டைப் பலமாக அடித்தும் மூடிப் பாருங்கள். ஊசி ஒரு தடவை விழுந்தாலும் சுடாதீர்கள், கன்ஸ்மித்திடம் கொடுங்கள். விழாவிட்டால் திடலில் ஒவ்வொரு ரவையாகப் போட்டுச் சுடுங்கள். பத்து ரவைக்குப் பிறகு மர ஸ்குரூக்களைத் திரும்ப இறுக்குங்கள், புதிதாக அடைத்த துளையில் கால் சுற்று இளகியிருக்கும்.