எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயச் சுவர் 13 மி.மீ. என்று வந்திருக்கிறது. நான் சைக்கிள் பந்தய வீரன். இது நோயா, பயிற்சியால் வந்த மாற்றமா?

தம்பி, நான் டாக்டர் இல்லை. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். 'வாத்தியாருக்கு எதற்கு இதய வைத்தியம்' என்று பின்னூட்டத்தில் கேட்க வருபவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதே 13 மி.மீ. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என் மாணவன் ஒருவன் என் வீட்டு வாசலில் நின்றான். அதனால்தான் உங்கள் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

சுவரின் கனத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இடது கீழறையின் அகலம் எவ்வளவு? ரிப்போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் இந்த 13-ஐ வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

அந்த மாணவன் அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில், கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் ஆரம்பித்தவன். பிறகு ரோடு ரேஸில் மாநில அணி வரை போனான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்குத் தேர்வாகி மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஈ.சி.ஜி.யைப் பார்த்துச் சந்தேகப்பட்டு எக்கோ எடுத்தார்கள். வரிசையில் நிற்கவைத்து, சில நிமிடத்தில் முடித்து, 'இதயத் தசைத் தடிப்பு நோயாக இருக்கலாம், தகுதியில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவனிடம் என்ன விளையாட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவன் அம்மா அவனை மாடிப்படிகூட ஏறவிடவில்லை.

விளையாட்டு வீரர்களைப் பார்த்துப் பழகிய ஓர் இதய மருத்துவரிடம் அவனைக் கூட்டிப் போனேன். அவர் மெஷினைத் தொடுவதற்கு முன்பே நிறையக் கேட்டார். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? ஓட்டும்போது மயக்கம், படபடப்பு உண்டா? குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள் இருக்கிறார்களா? ரத்த அழுத்தம்? கடைசியாக, 'உடம்பு ஏற ஊசி ஏதாவது போட்டிருக்கிறாயா, உண்மையைச் சொல்' என்றார். அந்த ஸ்டீராய்டுகளும் சுவரைத் தடிக்கவைக்குமாம். அப்புறம்தான் ஜெல் தடவி எக்கோ எடுத்தார். திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்: அறையின் அகலம் 58 மி.மீ.

நீண்ட நேரப் பயிற்சியில் இதயத்துக்கு ரத்தம் ஏராளமாகத் திரும்பி வருகிறது. அதைக் கொள்ள அறை பெரிதாகிறது, அதற்கு ஈடுகொடுக்கச் சுவரும் பெரும்பாலும் சீராகத் தடிக்கிறது. இதயத் தசைத் தடிப்பு நோயில் நடப்பது வேறு. தசை ஒழுங்கில்லாமல், பெரும்பாலும் நடுச்சுவரில் ஒரு பக்கமாகத் தடிக்கும். அறை பெரிதாகாது, 45 மி.மீ.க்கும் கீழே போவதுண்டு. விறைத்த இதயம் என்பதால் ரத்தம் நிரம்பும்போது சரியாகத் தளராது. அந்தத் தளர்ச்சியை, தசை அசையும் வேகத்தைப் பார்க்கும் டிஷ்யூ டாப்ளர் என்ற எக்கோ முறையில் அளக்கலாம். என் மாணவனுக்கு அது நன்றாகவே இருந்தது.

இத்தாலியில் 947 முன்னணி வீரர்களுக்கு எக்கோ எடுத்து 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 13 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் 16 பேர்தான். அதில் 15 பேர் படகு வலிப்பவர்கள், மிச்சம் ஒருவர் சைக்கிள் வீரர்! அந்த 16 பேருக்கும் அறை 55-லிருந்து 63 மி.மீ. வரை விரிந்திருந்தது. டாக்டர் இதைச் சொன்னபோதுதான் பையன் முகத்தில் ரத்தம் வந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. 13-லிருந்து 15 வரை சந்தேகப் பகுதி, எக்கோவை மட்டும் நம்பக் கூடாது என்று எம்.ஆர்.ஐ. எழுதினார். இதய நுனியில் இருக்கும் தடிப்பை எக்கோ தவறவிடலாம், எம்.ஆர்.ஐ. பிடித்துவிடும். படத்தில் தழும்பை எடுத்துக்காட்டும் காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் போட்டு எடுத்தால் தசைக்குள் தழும்பு இருக்கிறதா என்றும் தெரியும். இவனுக்கு இல்லை. தழும்பு இல்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது, அதையும் சொன்னார்.

அடுத்து, மூன்று மாதம் சைக்கிளைத் தொடாதே என்றார். மாத்திரை, ஊசி எதற்கும் அழாதவன் இதற்கு அழுதான். பயிற்சியால் வந்த தடிப்பு ஓய்வில் இறங்கும், நோயால் வந்தது இறங்காது. மூன்று மாதம் கழித்து அதே மெஷினில், அதே டாக்டர் எடுத்தார். 11 மி.மீ.

இதைப் படித்துவிட்டு 'நமக்கும் ஒன்றும் இருக்காது' என்று நாளைக்கே சைக்கிளை எடுத்துவிடாதீர்கள். அந்த நோய் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் கேப்டன் ரெஜி லூயிஸ் 1993 ஏப்ரலில் ஆட்டத்தின் நடுவே சரிந்தார். மருத்துவர் குழு ஒன்று இதயத் தசை நோய் என்றது. அடுத்துப் பார்த்த இன்னொரு தரப்பு, இது விளையாட்டு வீரரின் இயல்பான இதயம்தான் என்றது. ஜூலை 27-ஆம் தேதி பயிற்சியின்போது இறந்துபோனார், வயது 27. எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் டாக்டர் கிடைக்கும்வரை தேடுவேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பகீரென்கிறது.

என் கோபம் வேறு இடத்தில். நோயா இல்லையா என்று தெரிய மூன்று மாத ஓய்வு வேண்டும். ஆட்சேர்ப்பில் மேல்முறையீட்டுக்குத் தந்ததோ சில நாட்கள்தான். பையனுக்கு அந்த வேலை போயே போய்விட்டது.

நீங்கள் போகும்போது பழைய ஈ.சி.ஜி., எக்கோ எல்லாவற்றையும், பயிற்சிக் குறிப்பேடு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் அப்பா, அம்மாவையும் கூட்டிப் போங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோயின் மரபணு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களுக்கும் ஓர் எக்கோ எடுக்க டாக்டரே சொல்லலாம். விடை வரும்வரை பந்தயம் வேண்டாம், தம்பி.