காரில் ஃபாக் லைட் மாட்டும்போது ஹெட்லைட் ஒயரிலிருந்தே கனெக்ஷன் எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரியை ஒட்டினாற்போல ஒரு ஃப்யூஸ், நடுவில் ஒரு ரிலே (சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்). இந்த மூன்றும் இல்லாமல் ஃபாக் லைட் மாட்டாதீர்கள்.

"ஹெட்லைட் ஒயரில் ஜாயின்ட் அடித்தால் போதும், அரை மணி நேர வேலை" என்று எலக்ட்ரீஷியன் சொன்னதாகவும், ரிலே கண்டிப்பாக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பேஸ் வேரியன்ட் கார், 55 வாட் ஹாலஜன் செட், அடிக்கடி மலைப் பயணம். ஏறக்குறைய இதே நிலையில் நானும் இருந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்கு ஒரு கடையில் ஃபாக் லைட் போட்டேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக ஒரு ஒயர், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் புதிதாக ஒரு துளை, அது வழியாக டேஷ்போர்டு சுவிட்ச், அங்கிருந்து திரும்ப லைட்டுக்கு. ஃப்யூஸ் இல்லை, ரிலே இல்லை, துளையில் ரப்பர் புஷ் இல்லை. நான்கு மாதம் நன்றாகத்தான் எரிந்தது. ஒரு டிசம்பர் இரவு, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது, குஞ்சப்பனை தாண்டியதும் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. பானெட் இடுக்கில் புகை. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். புகை நிற்கவில்லை. பேட்டரியிலிருந்து நேராக வந்த ஒயர், சாவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. மனைவியையும் பையனையும் இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தால், டெர்மினலைக் கழற்ற கையில் ஸ்பேனர் இல்லை. பின்னால் வந்த காய்கறி லாரிக்காரர் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு ஓடிவந்து நெகட்டிவைக் கழற்றினார். அவர் மட்டும் வராமல் போயிருந்தால் வண்டி மிஞ்சியிருக்காது.

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தேன். தகட்டுத் துளையின் விளிம்பு, அதிர்ந்து அதிர்ந்து ஒயரின் தோலை நகக்கண் அளவு அறுத்திருந்தது. அந்த இடத்தில் செம்பு பாடியில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து பேட்டரி வரை தோல் முழுக்க உருகி வழிந்து, பக்கத்தில் போன கம்பெனி ஒயர்கள் இரண்டின் தோலையும் சேர்த்து உரித்திருந்தது. கார் பேட்டரி வெறும் 12 வோல்ட்தான் என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். ஷார்ட் ஆனால் அது நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும்.

அதனால் ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்பது மிக முக்கியம். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. லைட்டுக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் ஹோல்டர் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கு. 55 வாட் இரண்டு சேர்ந்தால் 110 வாட், 12 வோல்ட்டுக்கு 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். இதற்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ். ரிலே வரைக்கும், ரிலேயிலிருந்து இரண்டு லைட்டுக்கும் பிரியும் இடம் வரைக்கும் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர், பிரிந்த பின் ஒவ்வொரு லைட்டுக்கும் 1.5 ஸ்கொயர். மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஆட்டோ ஒயர் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு ஒயர் எஞ்சின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் ஏற்றதல்ல.

ஹெட்லைட் ஒயரில் சேர்த்தால் என்ன? ஒரு பக்க ஹெட்லைட்டின் 60 வாட் ஹை பீமுக்கு 5 ஆம்பியர் போகும் இடத்தில் 14 ஆம்பியர் போகும். ஒயர் சூடாகும், ஹெட்லைட் மங்கும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் வரை குறைந்துவிடும். ஃப்யூஸ் போனால் பனியில், வளைவில், ஹெட்லைட்டும் சேர்ந்து அணையும். அப்போது சிலர் பெரிய ஃப்யூஸ் ஒன்றைச் செருகுவார்கள். அதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள்.

ரிலே கடினமான விஷயம் இல்லை. அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். 30க்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் ஒயர். 87லிருந்து லைட்டுக்கு. 85 பாடி எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த காரின் உலோக உடல். 86க்கு டேஷ்போர்டு சுவிட்ச். ஐந்து பின் ரிலே என்றால் 87ஏ என்று நடுவில் ஒன்று இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். லைட்டின் 9 ஆம்பியரும் 30க்கும் 87க்கும் இடையில் போய்விடுகிறது. சுவிட்ச் வழியாகப் போவது ரிலே காயிலுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட்தான். கேபினுக்குள் வரும் ஒயர் மெல்லியதாக இருந்தால் போதும்.

அந்தச் சுவிட்சுக்கு சப்ளையை பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து எடுங்கள். பார்க்கிங் லைட்டை அணைத்தால் ஃபாக் லைட்டும் அணையும், மறந்துபோய் பேட்டரி தீர்ந்து நிற்க மாட்டீர்கள். கொஞ்சம் புதிய கார் என்றால் விளக்குகளை பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற சிறு கம்ப்யூட்டர் கவனிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கம்பெனி ஒயரை வெட்டாதீர்கள். ஃப்யூஸ் பாக்ஸில், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு இடத்தில் ஃப்யூஸ் டேப் (fuse tap, ஃப்யூஸ் இடத்தில் செருகி தனி ஒயர் எடுக்க உதவும் அடாப்டர்) செருகி எடுத்துக்கொள்ளுங்கள். வாரன்டி இருக்கும் வண்டியில் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டே எதையும் தொடுங்கள். உங்கள் மாடலுக்குக் கம்பெனி கப்ளரோடு (செருகும் இணைப்பியோடு) ஹார்னஸ், அதாவது தயாராகக் கட்டிய ஒயர் செட், கிடைத்தால் நான் அதைத்தான் வாங்குவேன்.

வேலை தொடங்கும் முன் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், எல்லாம் முடிந்த பின் கடைசியாக மாட்டுங்கள். ஜாயின்டுகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்ற விடாதீர்கள். எஞ்சின் சூட்டில் பசை இளகி டேப் அவிழ்ந்துவிடும். லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு கிரிம்பிங் பிளையரால் இறுக்கி, மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய். ஒயரை அழுத்திக் கடிக்கும் நீல நிற கிளிப்புகளையும் பம்பர் பக்கம் தவிர்த்துவிடுங்கள், மழைத் தண்ணீர் புகுந்து செம்பு பச்சை பூத்துவிடும். ஒயர் முழுவதும் நெளிவுக் குழாய்க்குள் போக வேண்டும், ரேடியேட்டர் ஃபேனுக்கும் எக்ஸாஸ்டுக்கும் எட்டாத வழியில் டை போட்டுக் கட்ட வேண்டும். தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் புஷ். பத்து இருபது ரூபாய் சாமான் அது. எனக்கு அது இல்லாததால்தான் அன்றைக்கு அத்தனையும் நடந்தது.

எர்த்துக்கு பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் ரிங் லக் வைத்து போல்ட் இறுக்கி, மேலே கொஞ்சம் வேசலின் தடவுங்கள். லைட் மினுக்கினாலோ ஒரு பக்கம் மங்கினாலோ முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மல்டிமீட்டர் இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பேட்டரியிலும் லைட் கப்ளரிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு ஜாயின்ட் சரியில்லை. பத்து நிமிடம் எரியவிட்டு ஃப்யூஸ் ஹோல்டரையும் ரிலே சாக்கெட்டையும் தொட்டும் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாமல் சுட்டால் அணைத்துவிட்டு இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

100 வாட் பல்பு போடலாமே என்று கடையில் சொல்வார்கள். இந்த ஒயருக்கும் ஃப்யூஸுக்கும் அது ஒத்துவராது, பிளாஸ்டிக் லென்ஸும் உருகும். மஞ்சளா வெள்ளையா என்றால் எனக்கு மஞ்சள்தான் பிடிக்கும், கண் கூசுவது குறைவு. ஆனால் மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது உண்மையில்லை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலவே சிதறடிக்கும். பனியில் உதவுவது லைட் தாழ்வாக இருப்பதும், ஒளி மேலே போகாமல் அகலமாக விழுவதும்தான். அதனால் பம்பரிலேயே மாட்டுங்கள், கூரையில் வேண்டாம். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பு லைட்டின் மையத்தைவிட 5 முதல் 10 செ.மீ. கீழே விழும்படி ஸ்க்ரூவைத் திருப்புங்கள். நம் மலைப் பாதையில் எதிரே இறங்கி வரும் பஸ் டிரைவருக்குக் கண் கூசினால் அது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

உங்கள் எலக்ட்ரீஷியனிடம் இதையெல்லாம் காட்டுங்கள். செய்கிறேன் என்றால் அவரிடமே கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். ரிலே எதற்கு என்று மறுபடியும் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். வண்டியில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரும், இரண்டு 15 ஆம்பியர் ஃப்யூஸும் எப்போதும் இருக்கட்டும். என் வண்டியில் டிரைவர் பக்கக் கதவுப் பையில் வைத்திருக்கிறேன்.