வினிகரில் நுரைத்தால் கல்மரம் போலியா?

கல்மரத்தை, அதாவது புதைந்து கல்லாக மாறிய மரத்தை, போலி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். வினிகரில் நுரைத்தது, கத்தியும் கீறியது என்றால், மரத்தின் இடத்தைப் பிடித்திருப்பது பெரும்பாலும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். வழக்கமான கல்மரம் சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். 1 முதல் 10 வரையிலான மோஸ் அளவில் அதன் கடினம் 7, கத்தி ஏறாது. கால்சைட்டுக்கு 3தான். புதைந்த மரத்தில் ஊறிய நிலத்தடி நீரில் எது கரைந்திருந்ததோ அதுவே செல்களுக்குள் படிகிறது.

மரம்தானா என்று பார்க்க, குறுக்குவெட்டு முகத்தை நனைத்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வளையம் மட்டும் போதாது, சுண்ணாம்புப் படிவுகளிலும் வளையம் உண்டு. ஊசிமுனைத் துளைகளோ நெருக்கமான செல் வரிசைகளோ, நடுவிலிருந்து வெளியே ஓடும் மெல்லிய கோடுகளோடு தெரிந்தால் மரமேதான். எத்தனை முறை பார்த்தாலும் சிலிர்க்கும் காட்சி அது!

கால்சைட் பெரிய படிகங்களாக வளர்ந்திருந்தால், உண்மையான மரத்திலும் செல்கள் அழிந்திருக்கலாம். இனி வினிகர் வேண்டாம், மிச்சமிருப்பதும் கரைந்துவிடும்.