மருந்து ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கோத்தகிரியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

நீட் தேர்வில் இடம் கிடைக்காத மகள் புதிய மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், நம்பிப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம். பத்தாண்டுப் படிப்பு என்று தெரிந்தே கட்டுங்கள்.

நம் நீலகிரியின் நடுவட்டம் ஊரில் சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னா மருந்து எடுத்த காலத்தில், அது மலேரியாவைத் தணிக்கும் என்று தெரியும். எப்படித் தணிக்கிறது என்று தெரியாது. இன்று பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் பலர் மறுமுனையிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தப் புரதத்தின் கோளாறால் நோய் வருகிறது என்று முதலில் தேடுகிறார்கள். அந்தப் புரதம்தான் இலக்கு. அதில் போய்ப் பொருந்தும் மூலக்கூறைத் தேடுவது அதன்பிறகு. ஒருவகை ரத்தப் புற்றுநோயாளிகளிடம் குரோமோசோம் கோளாறு ஒன்றை 1960இல் பிலடெல்பியாவில் கண்டார்கள். அந்தக் கோளாறால் உண்டாகும் புரதத்தைத் தடுக்கும் இமாடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001இல்! ஒரு தலைமுறை தொடங்கியதை அடுத்த தலைமுறை முடித்தது. இவ்வளவு பொறுமை உங்கள் மகளுக்கு உண்டா என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. பெற்றவர் உங்களுக்குத்தான் தெரியும்.

இலக்கைத் தேடுவதில் ஆர்வம் என்றால் உயிர்வேதியியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம். மருந்தை உருவாக்குவதில் ஆர்வம் என்றால் வேதியியல் அல்லது பி.பார்ம் என்ற மருந்தியல் பட்டப்படிப்பு. பி.பார்ம் சேர நீட் தேவையில்லை, ஊட்டியிலேயே ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி இருக்கிறது. உங்கள் குடும்பச் சூழலுக்கு நான் பி.பார்மையே முதலில் சொல்வேன். நடுவில் மனம் மாறினாலும் மருந்துத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை, அரசின் மருந்து ஆய்வாளர் தேர்வு என்று வழிகள் உண்டு.

முப்பது வயதுவரை உங்கள் கையை எதிர்பார்த்து நிற்பாளோ என்று அஞ்ச வேண்டாம். பி.பார்ம் முடித்து, மருந்தியல் மேற்படிப்புக்கான ஜிபேட் நுழைவுத் தேர்வில் தேறி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.பார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. எம்.எஸ்சி. வழியில் போய் தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால், முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். தேர்வுகள் கடினம்தான், தமிழ்வழியில் படித்து வென்றவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'மருந்துக் கண்டுபிடிப்பு' என்று பெயர் சூட்டி நன்கொடை கேட்கும் படிப்புக்காகத் தேயிலைத் தோட்டத்தை அடகு வைக்காதீர்கள். பி.பார்ம் என்றால் இந்திய மருந்தியல் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுக்கூடத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பிவிடுங்கள்.

வேதியியலா, உயிரியலா, எந்தப் புத்தகத்தை மகள் யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அதன்பிறகு முடிவு செய்வோம்.